பெயர் மட்டும்

அக்கா, தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று கேட்கட்டுமா. உங்கள் மடியில் இருக்கிற கம்ப்யூட்டரில் கறுப்பாக ஒன்று திறந்து வைத்திருக்கிறீர்களே, படம் ஒன்றும் இல்லாமல் வெள்ளை எழுத்து மட்டும் வரி வரியாக. எங்கள் கம்பெனியிலும் அதுதான். ஆத்தூரில் ஏறினதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன். கேட்கலாமா, வேண்டாமா என்று யோசித்து யோசித்து முக்காணி பாலமே தாண்டிவிட்டது. எனக்கு வெளி ஆளிடம் அவ்வளவு சுலபத்தில் வாய் வராது. என் பிள்ளை இவள் உங்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்ததால்தான் தைரியம் வந்தது.

கேட்க வேண்டியது இதுதான். ஒருத்தி பெயர் உள்ளே இருக்கிறது என்று அந்தக் கறுப்புத் திரை சொன்னால், அவள் உள்ளே இருந்துதான் ஆக வேண்டுமா? அவள் வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தால் கூடவா?

இல்லை அக்கா, நீங்கள் நிமிர்ந்து உட்காருகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. சிவஞானம் சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்கள் ஷிப்டுக்குப் பெரியவர். இன்றைக்கு விசாரிக்க ஆபீசர்கள் வருகிறார்கள், நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் போகிறேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா, பார்த்தால் மனசு இளகும் என்று அவர்தான் சொன்னார்.

இறால் கம்பெனி அக்கா. உரித்துக் கழுவி, எடை போட்டு, பெட்டியில் அடுக்கி, உறைய வைத்துக் கப்பலுக்கு அனுப்புகிறது. பேக்கிங் ஹாலுக்குப் பின்னால் கோல்டு ரூம். அந்தக் குளிர் எல்லாம் அமோனியா கேஸில் வருகிற குளிர். குழாய் எங்காவது கசிந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓட வேண்டும். அது சட்டம்.

நான் முதலில் இறால்தான் உரித்தேன். இவள் பிறந்த பிறகு குளிர் தண்ணீரில் கை வைத்தால் காய்ச்சல் வந்தது. சார் பார்த்துவிட்டு, கோல்டு ரூம் வாசலில் ஒரு சின்ன கண்ணாடி அறை உண்டு, அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். நான் ஐந்தாவது வரைதான் சார், எனக்கு இது வராது என்று அழாத குறையாகச் சொன்னேன். வரும், நான் இருக்கிறேன் என்றார். குளிர் எவ்வளவு என்று பார்த்துத் தட்ட வேண்டும். மணி அடித்து, எல்லோரும் வெளியே போய், மெக்கானிக் வந்து சரியாக இருக்கிறது என்று சொன்னால் மணியை நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்கென்று பெயர் கொடுத்த ஆள் தட்டினால்தான் மணி நிற்கும். யார் நிறுத்தினார்களோ அவர்கள் பெயர் மெஷினில் பதிந்துவிடும்.

எனக்கென்று ஒரு பெயர் அதில் உண்டாக்கிக் கொடுத்தார். இங்கிலீஷில் ஜெபக்கனி. முதல் எழுத்து தூண்டில் முள் மாதிரி இருக்கும், அதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பது. ரகசியச் சொல்லும் அவரே வைத்தார். இவள் பெயர்தான், ஷைனி. மறக்க மாட்டாய் அல்லவா என்றார். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டும்போது பக்கத்திலேயே நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தப்பாகத் தட்டினால்கூடத் திட்ட மாட்டார். எங்கள் வீட்டு ஆட்களிடம்கூட அந்தப் பொறுமை இல்லை அக்கா.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும்போது பெயரை வெளியே எடுக்காதே, அப்படியே விட்டுவிட்டுப் போ என்றார். மெஷின் பழசு, திரும்பத் திறக்க நேரம் எடுக்கும், அடுத்த ஷிப்டுக்காரன் உன் பெயரிலேயே பார்த்துக்கொள்வான். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. தட்டுகிற வெட்கம் மிச்சம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். எடை போடுகிற இடத்தில் தங்கபுஷ்பம், அவளும் அப்படித்தான்.

தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. எனக்கு மூத்தவள், வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. இந்த பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? நான் பிந்தி ஓடிவரும்போதெல்லாம் எனக்குப் பரிந்து சத்தம் போட அவள்தான் இருந்தாள்.

கேட் பக்கம் சுவரில் டிவி மாதிரி ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். மதுரையிலிருந்து நவநீதன் என்று ஒரு கம்ப்யூட்டர் தம்பி வந்து வைத்துக் கொடுத்தது. மூன்று எழுத்துத் தட்டினால் மெஷின் வரிசையாகச் சொல்லும் அக்கா. முதலில் பெயர். அப்புறம் எந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நம்பர். மாடி ஆபீஸ் ஒன்று, எடை இரண்டு, கோல்டு ரூம் மூன்று. அப்புறம் எப்போதிலிருந்து. கடைசியில், கை படாமல் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்றுகூட. உங்களுக்குத் தெரியாததா. அந்தத் தம்பி எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். பெயர் மட்டும் இருந்தால் ஆள் இருக்கிறதாக அர்த்தம் இல்லை அக்கா, மீதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அப்போது அது ஏறவில்லை.

அந்தக் கடைசிக் கணக்குதான் எங்களுக்குத் தொல்லையாகப் போயிற்று. மார்பு கட்டிக்கொண்டு நான் பாத்ரூமில் போய்ப் பாலைப் பீச்சிவிட்டு வருவேன். அதற்குள் கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் சுவரைப் பார்த்து வாசிப்பார். ஜெபக்கனி கை ரொம்ப நேரமா சும்மா இருக்கு, எங்க போயிட்டா மகாராணி என்று. டிரைவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் அழுதுவிட்டேன்.

தங்கபுஷ்பம் பார்த்துவிட்டாள். "ஏட்டி, உனக்குப் பால் கட்டுனா அது ஊருக்குச் சேதியா, டிவியில போடுததுக்கு?" என்று கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போனாள். யார் இருக்கிறார்கள் என்று பெயர் மட்டும் போட்டால் போதாதா, மற்ற கணக்கெல்லாம் எதற்கு என்று சாரிடம் சண்டை. சார் முடியாது என்றுவிட்டார். அவள் விடவில்லை. பார்க்கிற நேரமெல்லாம் கேட்டாள். அவரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்புறம் எப்படி ஒத்துக்கொண்டார் என்கிறீர்களா? அது தானாக வந்தது அக்கா. முந்தின நாள் சாயங்காலம் நான் கிளம்புகிற நேரம் கரண்ட் போய் எல்லோர் பெயரும் அழிந்திருந்தது. மறுநாள் காலையில் பஸ் பிந்தி நான் கேட்டுக்குள் நுழைகிறேன், சுவரில் என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தூண்டில் முள் தெரிகிறது. பக்கத்தில் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருக்கிறது. மாடி. நான் பிந்தினது தெரியாமல் இருக்க சாரே மாடியிலிருந்து என் பெயரைப் போட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாய் திறந்து நன்றி சொல்கிற ஆள் இல்லை, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னேன். சார், மாடியிலிருந்து என் பெயரைப் போட்டீர்களே, ரொம்ப நன்றி என்று. அவர் முகம் ஒருமாதிரி ஆனது. பிறகு சிரித்தார்.

"உன் பேரு எங்க இருந்தாலும் உனக்காக வேலை பாக்கும்மா, நீ கவலைப்படாத."

எவ்வளவு நல்ல வார்த்தை பாருங்கள். அன்றைக்குச் சாயங்காலமே தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு, நீ கேட்டது நியாயம்தான் என்று சொல்லி, சுவரில் பெயர் மட்டும் வருகிற மாதிரி மாற்றிவிட்டார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். தங்கபுஷ்பம் எல்லோருக்கும் பால்பன் வாங்கிக் கொடுத்தாள். வாட்ச்மேன் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு யார் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக இல்லை என்று ஒருத்தருக்கும் தெரியாது. பெயர் இருந்தால் இருக்கிறாள். அவ்வளவுதான்.

இந்தப் பழையகாயலில் பஸ் கொஞ்சம் நிற்கும். தண்ணீர் வேண்டுமென்றால் குடித்துக்கொள்ளுங்கள். முகம் வாடிவிட்டதே உங்களுக்கு.

அந்த வியாழக்கிழமை இவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. சாருக்குப் போன் போட்டேன். வரவேண்டாம், பிள்ளையைப் பார், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, நான் சமாளிக்கிறேன் என்றார். வீட்டுக்காரர் கொச்சியில் மீன்பிடி போட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார், வீட்டில் நானும் இவளும்தான். ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கம்பெனியில் கண்டெய்னர் போக வேண்டிய நாள். மணி ராத்திரி ஷிப்டிலேயே அடித்து அடித்து நின்றதாம். குழாய் பழசு, கொஞ்ச நாளாகவே அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் வெளியே போய், மெக்கானிக் பார்த்து, திரும்ப உள்ளே வந்து. கண்டெய்னர் எப்படிப் போகும்? மத்தியானம் அடித்தபோது எழுந்திருப்பதற்குள் நின்றுவிட்டதாம். நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்று எல்லோரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் அடிக்கவே இல்லை. மூக்கு எரிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

என் பெயரில்தான் நின்றிருக்கிறது அக்கா.

எல்லோரும் விழுந்தடித்து கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள். தங்கபுஷ்பமும் வந்துவிட்டாள். இதை எனக்குச் சொன்னது அந்த வாட்ச்மேன்தான். அவர்தான் சுவரைப் பார்த்துப் பெயர் வாசித்தாராம். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்க வேண்டாமா. ஒவ்வொரு பெயராக வாசித்து, ஆளைப் பார்த்து, கடைசியில் என் பெயர் வந்திருக்கிறது. ஆள் இல்லை. ஜெபக்கனி எப்போதும் பிந்தித்தானே வருவாள், நேரே கண்ணாடி ரூமுக்குப் போயிருப்பாள், வந்ததை நாம் பார்க்கவில்லை என்று தங்கபுஷ்பம் சொன்னாளாம். "எம்மா, பச்சப்புள்ளக்காரி உள்ள கெடக்காளே" என்றுகொண்டே முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பிடிக்கப்போனவர் கையைத் தட்டிவிட்டு ஓடினாளாம்.

என்னைத் தேடி, நான் இல்லாத இடத்தில் ரொம்ப நேரம் தேடியிருக்கிறாள்.

சாரும் அங்கேதான் நின்றாராம். கேட்டுக்குப் பக்கத்திலேயே. நான் வீட்டில் இருக்கிறேன் என்பது அவர் ஒருத்தருக்குத்தானே தெரியும். அந்த நேரத்தில் அவருக்கு வாய் வரவில்லையாம், பாவம். அதிர்ச்சியில் அப்படி ஆகும் இல்லையா அக்கா? என்ன நடக்கிறதென்றே தெரியாமல் நின்றுவிட்டதாக என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன், அவள் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பெனிச் சுவரில் அவள் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். அவள் வெளியே எடுக்கவில்லை அல்லவா. எடுத்துவிட யாருக்கும் கை வரவில்லை. பழைய மாதிரி கணக்கு காட்டினால், எத்தனை நாளாகக் கை படவில்லை என்றாவது அதில் வரும். இப்போது பார்த்தால் உள்ளே உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

சார் வீட்டுக்கே வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் குடிசையில் வந்து உட்கார்ந்து, இவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார். நீ புதன்கிழமை பெயரை வெளியே எடுக்காமல் போய்விட்டாய், அது உள்ளேயே கிடந்திருக்கிறது, மணி அடித்ததும் அதுவாக நிறுத்திவிட்டது, மெஷினில் அப்படி ஆகும் என்றார். எனக்கு ஒரு சந்தேகம். புதன்கிழமை சாயங்காலமும் கரண்ட் போய் வந்தது. மெஷின் எல்லோர் பெயரையும் மறந்துவிட்டுத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான் பெயர் போடாமலே கிளம்பிவிட்டேன். அதைச் சொன்னேன். உனக்கு அதெல்லாம் புரியாதும்மா, மெஷினுக்கு மறதி கிடையாது என்றார். அவருக்குத் தெரியாதா?

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு என் பெயரை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நான் சோறு பொங்கும்போதும், பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் அது தனியாக அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறதோ. ஜெபக்கனி என்று யாராவது கூப்பிட்டால், என்னைத்தானா என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது.

ஆபீசர்கள் கேட்டால், ஆமா, நான்தான் உள்ளே இருந்தேன், தெரியாமல் நிறுத்திவிட்டேன், பயந்து பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடிவிட்டேன் என்று சொல்ல வேண்டுமாம். படிக்காத பெண், கைக்குழந்தைக்காரி, கண்டித்து விட்டுவிடுவார்கள் என்றார். வீட்டில் இருந்தேன் என்று சொன்னால், அப்படியானால் உன் பெயரை ஏன் உள்ளே விட்டாய் என்று கேட்பார்கள், அதுதான் பெரிய குற்றம், அதற்கு உள்ளே போட்டுவிடுவார்கள், பிள்ளையை யார் பார்ப்பது என்றார். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். சார் சொல்கிறபடி கேள் என்றுவிட்டார்.

என்ன அக்கா சொல்கிறீர்கள்? பெயர் தானாக எதையும் நிறுத்தாதா? யாராவது ஒருத்தர் கை வைத்துத் தட்டினால்தான் உண்டா?

அப்படியானால் யார் கை?

நீங்கள் கேட்கிறது எனக்குப் புரிகிறது. என் ரகசியச் சொல் யாருக்குத் தெரியும் என்கிறீர்கள். எனக்கும் சாருக்கும்தான். ஆனால் அக்கா, நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

சுவரில் பெயர் மட்டும் காட்டினாலும் மெஷினுக்குள் எல்லாம் இருக்குமா? எந்த நம்பரில் இருந்து, எப்போது என்று எல்லாமா? காட்டுவதைத்தான் குறைத்திருக்கிறார்கள், வைத்திருப்பதை இல்லை என்கிறீர்களா. முழுசாகக் காட்டுங்கள் என்று ஆபீசரிடம் கேட்டால் காட்ட வேண்டுமா. வியாழக்கிழமை என் பெயருக்குப் பக்கத்தில் மூன்று இருந்ததா, ஒன்று இருந்ததா என்று அதில் தெரிந்துவிடுமா.

அது இனிமேல் முடியாதே அக்கா. இன்றைக்குத்தான் அந்த மெஷினை மாற்றுகிறார்கள். ஆபீசர்கள் வருவதற்கு முன்னாலேயே புதுசு வைத்துவிடுவார்களாம். பழசில் இருக்கிறதெல்லாம் போய்விடும், உன் பெயரும் போய்விடும், அதற்கு அப்புறம் அது உன்னைத் தொந்தரவு செய்யாது என்று சார் சொன்னார். காலையில் அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது. நல்லதுதானே? அது உள்ளே கிடக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி ஏது.

யாருக்குப் போன் போடுகிறீர்கள்? வேண்டாம் அக்கா. உங்கள் நல்ல மனசு தெரிகிறது. நான் அதிகம் பேசிவிட்டேன் போலிருக்கிறது. என் வாய்க்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. தங்கபுஷ்பம் இருந்தால் சிரித்திருப்பாள்.

முள்ளக்காடு தாண்டிவிட்டது, அடுத்தது எங்கள் ஸ்டாப். பையை எடுத்துக்கொள்கிறேன். ஷைனி, அக்காவுக்கு டாட்டா சொல்லு.

இல்லை, என்னால் முடியாது. நேரே தூத்துக்குடிக்குப் போய் ஆபீசரைப் பார் என்கிறீர்கள், அவர் முன்னால் நின்று இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயசிலிருந்தே யார் எதைக் கேட்டாலும் ஆமா என்றுதான் சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். ஆமா, நான்தான் உள்ளே இருந்தேன். நன்றாகத்தான் வருகிறது. சொல்லச் சொல்ல, நிஜமாகவே அன்றைக்கு அந்தக் கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருந்த மாதிரியும் இருக்கிறது.

ஒன்று செய்கிறேன். மெஷினைத் தூக்குவதற்கு முன்னால், முழுசாக ஒரு தடவை காட்டச் சொல்லி சாரிடமே கேட்கிறேன். நீங்கள் சொன்னதாகவும் சொல்கிறேன். என்னைக் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை.

அதோ, புளியமரத்துக்குக் கீழே பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், வெள்ளைச் சட்டை. அவர்தான். இதுவரைக்கும் யாரையும் கூட்டிக்கொண்டு போக ஸ்டாப்புக்கு வந்ததே இல்லை அவர். சன்னல் சன்னலாகப் பார்க்கிறார், நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று தெரியவில்லை போலிருக்கிறது. இப்போது பார்த்துவிட்டார். நம் இரண்டு பேரையும்தான் பார்க்கிறார்.

கையை விடுங்கள் அக்கா. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். விடுங்கள், சார் கூப்பிடுகிறார்.